மேசையைத் தடவிப் பார்த்தாயா?

எங்கள் தெருவில் துணி வெட்டும் பட்டறைகள் பதினொன்று. பதினொன்றுக்கும் சாணை பிடிப்பவன் நான் ஒருவன்தான். ஒரு நாளைக்கு இரண்டு பட்டறை என்று முறை வைத்துக்கொண்டு, தோளில் சாணைப்பெட்டியோடு போவேன். கத்தி தீட்டுகிற நேரத்தைவிட டீ குடித்துப் பேசுகிற நேரம்தான் அதிகம் என்று என் பெண்சாதி சொல்வாள். உண்மைதான். இந்த வாயால்தான் நான் கெட்டேன். கூடவே ஒரு நல்ல குடும்பத்தையும் கெடுத்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பதினொரு பட்டறையிலும் ஒரே கம்ப்யூட்டர் புரோகிராம்தான் ஓடும். எந்த உடுப்பானாலும் அளவைக் கொடுத்தால் போதும். கை, காலர், முதுகு, முன்பக்கம் என்று எல்லாத் துண்டுகளையும் துணி வீணாகாமல் நெருக்கி அமைத்து, மேசை நீளத் தாளில் கோடு போட்டுக் கொடுத்துவிடும். அப்புறம் மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அந்தத் தாளைப் போட்டு, கோட்டின் மேலேயே வெட்டுகிற மெஷினை ஓட்ட வேண்டியதுதான். ஆனால் கோடு போடுவதற்கு முன்னால் அது ஒரு கேள்வி கேட்கும். ‘மேசையைத் தடவிப் பார்த்தாயா?’ ‘ஆம்’ என்று அமுக்கினால் வேலை நடக்கும். ‘இல்லை’ என்று அமுக்கினால் சும்மா நிற்கும். நாள் முழுக்க அமுக்கினாலும் நாள் முழுக்க நிற்கும்.

இதை வைத்துத் தெருவில் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமில்லை. எவனாவது சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால், “தடவிப் பார்த்தியா?” என்று நாலு பேர் கேட்பார்கள். பனியன் மட்டுமே வெட்டுவதால் பனியன் மாஸ்டர் என்று பேர் வாங்கிய ஒருவர் இருக்கிறார். தலை முழுக்க நரைத்தவர். “எங்கம்மா போனதுக்கு அப்புறம் என்னை நீ, வா, போன்னு பேசுறது இந்தப் பொட்டி ஒண்ணுதான்” என்பார். மேசையில் கத்தரிக்கோலோ ஊசியோ கிடந்தால் கத்தி முறியும், அதற்காகத்தான் இந்தக் கேள்வி என்று எல்லோரும் நினைத்திருந்தோம். என் பிழைப்பே கத்தி என்பதால் அந்தக் கேள்வியின்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அதை எழுதியவர் ஏழாவது பட்டறையின் மாடியில் இருப்பவர். மாடிக்காரர் என்றால்தான் தெருவுக்குத் தெரியும். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பார். கீழே பட்டறையை நடத்துவது அவர் மனைவி. கட்டிங் மாஸ்டர் வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. எங்களுக்கெல்லாம் மாஸ்டரக்கா. ஒரே மகள், பத்தொன்பது வயது, படித்துக்கொண்டே கம்ப்யூட்டர் வேலையும் பார்க்கிறாள். அந்தப் பெண் பிறந்த சமயத்தில் அக்காவுக்கு மனசு சரியில்லாமல் போய் மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். தெருவில் பழைய ஆட்களுக்கு அது தெரியும். அதை யாரும் பேசுவதில்லை. அந்த நாட்களில்தான் மாடிக்காரர் இந்தப் புரோகிராமை எழுதினார். அக்கா திரும்பி வந்தபோது, துணிக்கு முன்னால் நின்று தவித்து யோசிக்க வேண்டிய வேலையெல்லாம் கம்ப்யூட்டர் வேலையாகிவிட்டிருந்தது. கேட்ட பட்டறைக்கெல்லாம் சும்மாவே கொடுத்தார்.

மற்றவர்கள் எல்லாம் பார்க்காமலேயே ‘ஆம்’ அமுக்குகிறவர்கள். அக்கா மட்டும் அப்படியில்லை. இருபதடி மேசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இரண்டு உள்ளங்கைகளாலும் தடவிக்கொண்டே போய்த் திரும்பி வந்துதான் அமுக்குவார்.

“ஏன்க்கா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதே வேலை?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஒருத்தர் மதிச்சுக் கேக்குறாரு. பொய் சொல்லலாமா?” என்று சிரித்தார்.

போன மழைக்காலத்தில்தான் மாடிக்காரருக்குக் கண் மோசமானது. சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். திரையில் ஒவ்வோர் எழுத்தையும் உள்ளங்கை அளவு பெரிதாக்கி, மூக்கு உரசுகிற மாதிரி உட்கார்ந்து படிப்பார். அதே சமயம் ஈரத்தில் தாள் சுருண்டுகொண்டு பதினொரு பட்டறையிலும் கோடு விலகியது. அந்தப் பட்டறையிலிருந்து போன், இந்தப் பட்டறையிலிருந்து போன். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. நான் கத்தியைச் சாணையில் வைத்திருந்த நேரம், மாடிப்படியில் நின்றுகொண்டே சண்டை போட்டார்.

“போதுங்க. ஊருக்கெல்லாம் சரி பண்ணிக் குடுத்து உங்க கண்ணு போகணுமா?”

“வேற யாருக்கு இது தெரியும்?”

“தெரியாதுன்னா தெரிய வைங்க. பாப்பா ஏதோ சொன்னாளே, என்னடி அது?”

மகள் தாளைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். “சோர்ஸ் கோட் முழுக்கப் பொதுச்சொத்தா விட்டுடலாம்மா. அப்பா எழுதின ஒவ்வொரு வரியையும் யார் வேணா எடுத்துக்கலாம், படிக்கலாம், மாத்தலாம். நம்மளைக் கேக்கவே வேண்டாம். கண்ணு நல்லா இருக்கிறவங்க சரி பண்ணிக்குவாங்க.”

“அதைத்தான் நானும் சொல்றேன். குடுத்துடுங்க. கையைக் கழுவிட்டு வந்து கீழ உக்காருங்க. நான் வெட்டுறதைப் பாத்துக்கிட்டு இருங்க.”

மாடிக்காரர் அறையிலிருந்து படியின் விளிம்புக்கு வந்தார். பிறகு, “கொஞ்சம் டைம் குடு. சுத்தம் பண்ணணும்” என்றார்.

“வீட்டைச் சுத்தம் பண்ணச் சொன்னா மட்டும் காது கேக்காது” என்றார் அக்கா. நாங்கள் சிரித்தோம். நான்தான் பலமாகச் சிரித்தேன்.

இரண்டு மாதம் சுத்தம் செய்தார். மகள் உதவிக்குப் போனால், “நீ படிம்மா” என்று அனுப்பிவிடுவார். டீயும் ரொட்டியும் மாடிக்குப் போகும், பாதி திரும்பி வரும். ஒருவழியாக முடித்து, ஒரு தாளில் தன் கையாலேயே கோணல்மாணலாக எழுதினார். ‘இதில் எனக்கு எந்த உரிமையும் இல்லை. யாரும் எப்படியும் பயன்படுத்தலாம். என்னிடம் கேட்க வேண்டியதில்லை. இதை நான் எப்போதும் திரும்பக் கேட்கமாட்டேன்.’ கீழே கையெழுத்து. அக்கா அதை வாங்கிப் படித்துவிட்டு, “மகளைக் கட்டிக் குடுக்கிற மாதிரில்ல எழுதியிருக்கீங்க” என்றார்.

மகள்தான் இணையத்தில் ஏற்றினாள். அவருக்கு எந்தப் பொத்தான் எங்கே என்று தெரியாத நிலை. பத்தே நாளில் எங்கெங்கிருந்தோ கடிதங்கள் வந்தன. ஒருத்தர் ஈரத்தாளுக்கு வழி கண்டுபிடித்தார். இன்னொருத்தர் பார்வை குறைந்தவர்களுக்காக எழுத்தைப் பெரிதாக்கித் தந்தார். அக்கா ஒவ்வொன்றையும் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். மாடிக்காரர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்தப் பத்து நாள்தான்.

பதினோராவது நாள் செவ்வாய்க்கிழமை. நான் போனபோது அக்கா துணி எடுக்கப் போயிருந்தார். நாற்காலி காலி. மகள் படியில் நின்று, “மாமா, கொஞ்சம் மேல வாங்க” என்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

மாடி அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலில் காயப்போட்ட துண்டு. மாடிக்காரர் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“நான் தப்புப் பண்ணிட்டேன் மாமா” என்றாள் மகள். “புரோகிராமுக்கு நடுநடுவுல குறிப்பு எழுதலாம். முன்னால ஒரு அடையாளம் போட்டுட்டா கம்ப்யூட்டர் அதைப் படிக்காம தாண்டிப் போயிடும். மனுஷங்க மட்டும்தான் படிக்க முடியும். அப்பா அதுல எல்லாத்தையும் எழுதி வச்சிருந்திருக்காரு. நாள் போட்டு. வீட்டுல நடந்ததை.”

“அதைத்தானே ரெண்டு மாசமா சுத்தம் பண்ணாரு?”

“புதுசுல பண்ணாரு. ஆனா ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் பழைய பிரதியை அப்படியே எடுத்து வைக்கிற பழக்கம் அவருக்கு. பத்தொன்பது வருஷப் பிரதியும் கம்ப்யூட்டருக்குள்ள அதே பெட்டியில, ஃபோல்டர்னு சொல்வாங்களே, அதுல இருந்துச்சு. அப்பா எவ்வளவு பாடுபட்டிருக்காருன்னு எல்லாருக்கும் தெரியட்டும்னு நான் பெட்டியோட ஏத்திட்டேன். அவருக்கிட்டச் சொல்லக்கூட இல்லை. பெருமையா இருக்கும்னு நெனச்சேன்.”

எவனோ ஒரு புண்ணியவான், இந்தக் கேள்வி எதற்கு என்று பழைய பிரதிகளில் தேடிப்போய்க் கண்டுபிடித்து, மனம் உருகி இணையத்தில் நாலு பக்கம் எழுதியிருக்கிறான். ஆயிரக்கணக்கான பேர் படித்து உருகியிருக்கிறார்கள்.

“அப்படி என்னதான் எழுதியிருக்கு?”

அவள் திரையைப் பார்த்துப் படித்தாள். வாய்ப்பாடு ஒப்பிக்கிறவள் மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தாள்.

“‘இன்று குழந்தை மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே துணி விரித்திருக்கிறாள். நாலு அடுக்கு. நான் இறங்கி வரும்போது மெஷின் அவள் கையில் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே மேடாக இருக்கிறது, தட்ட வேண்டும் என்றாள். துணியை இழுத்தேன். குழந்தைக்கு ஒன்றும் இல்லை, தூக்கம்கூடக் கலையவில்லை. அவளுக்கு எதுவும் தெரியவில்லை. அவளிடம் சொல்லமாட்டேன். யாரிடமும் சொல்லமாட்டேன். இனி மேசையைத் தடவிப் பார்க்காமல் இது ஒரு கோடும் போடாது.’”

படித்து முடித்துவிட்டு, “அது நான்தான் மாமா” என்றாள். எனக்குத் தெரியாதா என்ன. என் கை சாணைப்பெட்டியின் வாரையே பிடித்துக்கொண்டிருந்தது.

முதலில் எடுத்துப் பிரதி போட்டவர் ஏதோ தூரத்து ஊரில் இருக்கும் ஒரு பெண். அவருக்குப் போன் போட்டார்கள். ஒலிபெருக்கியில் கேட்டது. நல்ல குரல், நல்ல மனசு.

“ஐயா, என்கிட்ட இருக்கிறதை இப்பவே எடுத்துடுறேன். ஆனா என்கிட்டேர்ந்து நானூறு பேருக்கு மேல எடுத்திருக்காங்க. அவங்கள்ல பாதிப் பேர் யாருன்னே எனக்குத் தெரியாது.”

“நான் எழுதினதும்மா அது” என்றார் மாடிக்காரர். “நானே கேட்டாக்கூட...”

“கேக்கலாங்கய்யா. சில பேர் கேப்பாங்க. ஆனா எனக்கு உரிமை இல்லை, எப்பவும் திரும்பக் கேக்க மாட்டேன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே. அதை நம்பித்தான் எடுத்தாங்க. யாரையும் கட்டாயப்படுத்த நமக்கு வழியே இல்லைங்கய்யா.” சற்று நிறுத்திவிட்டு, “மன்னிச்சுக்குங்க” என்றார். தப்பே செய்யாத ஒருத்தி மன்னிப்புக் கேட்டால் அவளை என்ன சொல்லித் திட்டுவது?

மாடிக்காரர் போனை மகளிடம் கொடுத்தார். “உங்கம்மாவுக்குத் தெரியக் கூடாது. அது மட்டும் போதும்.” என் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை, நான் நிற்கிற திசையைப் பார்த்தார். “தெருவுல யாராவது படிச்சிருந்தா, அவகிட்டப் பேச வேண்டாம்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

நான் கிளம்பினேன். அன்று மாலைக்குள் மீதிப் பத்துப் பட்டறைக்கும் போனேன். ஒவ்வொரு மாஸ்டரையும் தனியாகக் கூப்பிட்டு, “அந்தக் கேள்விக் கதையைப் படிச்சிருந்தா அக்காகிட்ட மூச்சு விடாதீங்க” என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். இரண்டு பேர்தான் படித்திருந்தார்கள். மீதி எட்டுப் பேருக்கு அப்படி ஒரு கதை இருப்பதே நான் சொல்லித்தான் தெரியும். “எந்தக் கதைய்யா?” என்று கேட்டார்கள். “ஒண்ணுமில்லை, விடுங்க” என்றேன். சும்மா இருந்தவர்களை உசுப்பிவிட்டு, விடுங்க என்றால் யார் விடுவார்கள்? அவர்கள் படித்திருப்பார்கள் என்ற புத்தியே எனக்கு வீட்டுக்குப் போய்க் கை கழுவும்போதுதான் வந்தது. என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

விடிந்ததும் ஒரு கத்தியை மறந்துவிட்டேன் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு ஏழாவது பட்டறைக்கு ஓடினேன். எனக்கு முன்னால் பனியன் மாஸ்டர் வந்து நின்றிருந்தார். கண்ணெல்லாம் சிவப்பு. அக்கா அப்போதுதான் மேசையைத் தடவி முடித்து, அமுக்கக் கையை நீட்டியிருந்தார்.

“அம்மா” என்றார் பனியன் மாஸ்டர். பேத்தி வயசுப் பிள்ளைகளைக்கூட அம்மா என்று கூப்பிடுகிற ஆள். “ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லம்மா. இத்தனை வருஷம் நான் கேலி பண்ணியிருக்கேனே. என்னை மன்னிச்சிடும்மா. அது உன் தப்பில்லை. நோவு. நோவுல எது நடந்தாலும் அது உன் தப்பில்லம்மா.”

“எது என் தப்பில்லை?” என்றார் அக்கா.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாடிப்படி ஏறினார். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் பின்னாலேயே போனேன். அதுதான் என் குணம்.

“என்னங்க, கீழ பனியன் மாஸ்டர் அழுவுறாரு. எதுக்குன்னு சொல்லுங்க.”

மாடிக்காரர் எழுந்து நின்றார்.

“பாப்பா, நீ சொல்லு.”

“அம்மா, வேண்டாம்மா.”

“தெருவுக்கே தெரியுது, எனக்குத் தெரியக் கூடாதா? சொல்லு.”

மகள் அந்தக் குறிப்பைத் திரையில் எடுத்துப் படித்தாள். இந்தமுறை அவளுக்கு ஒப்பிக்க வரவில்லை. பாதியில் நின்று, மூக்கைத் துடைத்து, மறுபடி படித்தாள். அக்கா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

“நாலு அடுக்கா?” என்றார்.

“ம்” என்றாள் மகள்.

“என்ன துணின்னு எழுதலையா?”

மகள் திரையைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினாள். மாடிக்காரர்தான் சொன்னார். “பருத்தி. மெல்லிசு.”

“மெல்லிசுன்னா மூச்சு விட்டிருக்கும்” என்றார் அக்கா. துணியைப் பற்றிச் சொல்லுகிற குரலிலேயே சொன்னார். பிறகு வெகுநேரம் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எனக்கு ஞாபகமே இல்லங்க. கொஞ்சம்கூட இல்லை.”

“தெரியும்.”

“ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை. பத்தொன்பது வருஷம்.” அக்கா கணவர் பக்கம் திரும்பினார். “அத்தனை தடவையும் என்னைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தீங்களா?”

“உன்னை நம்பாம இல்லை.”

“நான் அதைக் கேக்கலை.”

மாடிக்காரர், “ஆமா” என்றார்.

கீழே மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பனியன் மாஸ்டர் போய்விட்டார் போல.

“திரும்ப வாங்கவே முடியாதா?” என்று அக்கா கேட்டார். அந்தத் தூரத்து ஊர்ப் பெண் போனில் சொன்னதை மகள் சொன்னாள். அக்கா, “குடுத்துடுங்கன்னு சொன்னதும் நான்தானே” என்றார். கணவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “எழுந்து நிக்காதீங்க, தலை சுத்தும்” என்றார். கோபித்துக் கத்தியிருந்தால்கூட எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வாரம் முழுக்க ஏழாவது பட்டறை பூட்டியிருந்தது. தெருவில் எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். வீட்டுக்கு ரொட்டி கொண்டுபோனார்கள், பழம் கொண்டுபோனார்கள், வாசலில் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். கேள்வி வந்தால் இப்போது எவனும் கேலி செய்வதில்லை. நிஜமாகவே மேசையைத் தடவினார்கள். அக்கா ஒருமுறை ஜன்னல் வழியே எதிர்ப் பட்டறையில் அதைப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன்.

அடுத்த செவ்வாய் பட்டறை திறந்திருந்தது. வெளியே தூறல். மகள் கல்லூரிக்குப் போகாமல் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். அவளுக்கு ஓர் ஆறுதல் கிடைத்திருந்தது. தூரத்திலிருந்து யாரோ புதிய பிரதி அனுப்பியிருந்தார்கள். அதில் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார்களாம். யாரையும் கேட்காமல் மாற்றலாம் என்பதால் யாரையும் கேட்காமலேயே எடுத்திருந்தார்கள். “இனிமே அது கேக்காதும்மா” என்றாள். மாடிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து குரல் வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

கேள்வி வரவில்லை. தாள் நேராகக் கோடு போட்டுக்கொண்டு வெளியே வந்தது. அக்கா துணியை விரித்தார். வெள்ளைத் துணி. ஒன்று, இரண்டு, மூன்று. இழுத்து, தட்டி, ஓரம் சேர்த்தார். கை பழைய கைதான். இருபது அடுக்கு ஆனது. நான் தீட்டிய கத்தியை மாட்டிக் கொடுத்தேன். அவர் மெஷினைத் தொட்டார், கையை எடுத்துக்கொண்டார். பிறகு மேல் அடுக்கை மடித்துத் தூக்கினார். அதற்கு அடுத்ததை. அதற்கு அடுத்ததை. இருபதையும் எடுத்து வெறும் மேசையைப் பார்த்தார். தடவினார். மறுபடி முதலிலிருந்து விரித்தார்.

இரண்டாவது முறையும் பாதியில் பிரித்துவிட்டார். மூன்றாவது முறை தொடங்கினார். கேட்காதே என்று கம்ப்யூட்டரிடம் சொல்வதற்குக் கேள்வியே இல்லையே. மகள்தான் எழுந்து மேசைக்கு எதிர்ப்பக்கம் போய், அக்காவின் கண்ணுக்கு நேராக நின்றாள்.

“அம்மா, நான் இங்கதான் இருக்கேன். பாரும்மா.”

“தெரியுதுடி. பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்” என்றார் அக்கா. மகளைப் பார்த்துக்கொண்டே அடுத்த அடுக்கைத் தூக்கி அடியில் தடவினார்.